கணவர் கண்மூடும் முன்பே காகிதங்களைச் சரிசெய்யுங்கள்: எங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள் ஆகியோருக்கும், சங்கத்தின் உறுப்பினர்களாகிய என் தந்தையின் தோழர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவிருக்கும் ஆண்டுப் பொதுக்குழுவுக்கு முன்பாக உங்கள் பார்வைக்கு ஒரு கோரிக்கையை வைக்கவே இந்த மடலை எழுதுகிறேன். ஒரு முன்னாள் படைவீரர் இறந்த பிறகு அவருடைய மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் வாங்கிக் கொடுக்க நம் சங்கம் எடுத்துக்கொள்ளும் முயற்சியை, அவர் உயிரோடு இருக்கும்போதே தொடங்க வேண்டும். அவருடைய ஆவணங்களையும், மனைவி, பிள்ளைகளின் ஆவணங்களையும் வீடு வீடாகச் சென்று பார்த்து, அவற்றில் உள்ள பிழைகளை அவரே கையொப்பம் இடக்கூடிய காலத்தில் திருத்திவைப்பது சங்கத்தின் முதல் வேலையாக வேண்டும். என் கோரிக்கை இதுதான். இனி எழுதப்போவதெல்லாம் இதற்கான காரணங்களும், இதைச் செய்வதற்கு எனக்குத் தோன்றும் வழிகளுமே.

நான் வேலூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவள். தரைப்படையில் ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்றவரின் மகள். உங்களில் பலரைப் பெரியப்பா என்றும் மாமா என்றும் அழைத்து வளர்ந்தேன். நேரில் வந்து சொல்லியிருக்கலாமே என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். நேரில் சொன்னால் அது ஒரு வீட்டின் குறையாகவே கேட்கப்படுகிறது. அந்த வீட்டுக்கு வேண்டியதைச் செய்து கொடுத்துவிட்டு, அடுத்த வீட்டில் சாவு விழும்வரை அந்தப் பேச்சை விட்டுவிடுகிறோம். இது ஒரு வீட்டோடு முடிகிற குறை அன்று என்பதால்தான், திருவண்ணாமலையிலோ தேனியிலோ கன்னியாகுமரியிலோ உள்ள சங்கங்களின் பொறுப்பாளர்களும் படிக்கட்டும் என்று எல்லோர் முன்னிலையிலும் எழுதுகிறேன்.

நம் மாவட்டத்துக்கும் பட்டாளத்துக்கும் உள்ள உறவை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சுற்றுவட்டாரம் அழைக்கிறது. முதல் உலகப் போருக்கு இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று பொறித்த கல்வெட்டுகளை நம் பக்கத்து ஊர்களில் இன்றும் காணலாம். போனவர்களின் பெயர்கள் அந்தக் கற்களில் இல்லை. எண்ணிக்கை மட்டுமே உண்டு. அவர்கள் விட்டுச்சென்ற பெண்களைப் பற்றி அந்த எண்ணிக்கைகூட இல்லை. நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தப் பெண்களின் வரிசையில் வருகிறவர்கள் நம் கணக்கில் சரியாக வந்துவிடவில்லை என்பதே என் வருத்தம்.

சங்கம் செய்வதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அப்பா இறந்த அன்று தகவல் போன இரண்டு மணி நேரத்துக்குள் மலர்வளையத்தோடு வந்து நின்றவர்கள் நீங்கள். பாடையைத் தூக்க முதலில் தோள் கொடுத்தவர்களும் நீங்கள்தான். முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவ நிலையமாகிய பாலிகிளினிக்குக்குத் தனியாகப் போக முடியாத முதியவர்களைத் தங்கள் வண்டியில் ஏற்றிச் செல்கிறவர்கள் உங்களில் இருக்கிறார்கள். ஜூலை 26 கார்கில் வெற்றி நாளும், டிசம்பர் 16 வெற்றி நாளும், 1949 முதல் நாடு முழுவதும் அனுசரிக்கப்படும் டிசம்பர் 7 கொடிநாளும் நம் ஊரில் மறக்கப்படாமல் இருப்பது உங்களால்தான். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவள் என்ற முறையில், அந்த நாள்களில் நீங்கள் வந்து பிள்ளைகளிடம் பேசுவதன் மதிப்பை நான் அறிவேன். இவ்வளவும் செய்யக்கூடிய ஒரு சங்கத்திடம்தான் இதையும் கேட்க முடியும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் ஆவணங்கள் எல்லாம் அவர் பட்டாளத்திலிருந்து கொண்டுவந்த கறுப்புத் தகரப் பெட்டியில் இருந்தன. மூடியின் மேல் வெள்ளைப் பெயிண்டில் அவருடைய ஆர்மி நம்பரும், ரேங்க்கும், பெயரும் எழுதப்பட்டிருக்கும். உங்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் அந்தப் பெட்டி இருக்கிறது. உள்ளே, அவருடைய சேவை விவரமும் குடும்ப விவரமும் எழுதிப் படையில் கொடுத்தனுப்பிய டிஸ்சார்ஜ் புக் பாலிதீன் உறையில் பத்திரமாக இருந்தது. ஓய்வூதிய ஆணையும், அம்மாவும் அப்பாவும் சேர்ந்து எடுத்துக்கொண்ட ஜாயின்ட் போட்டோவின் மீதிப் பிரதிகளும் இருந்தன. டிஸ்சார்ஜ் புக்கில் அம்மாவின் பெயர் ‘அம்மாள்’ என்ற முடிவு இல்லாமல் இருந்தது. பிறந்த நாள் ஜனவரி 1 என்று போடப்பட்டிருந்தது. ஆதாரில் பெயர் ‘அம்மாள்’ என்று முடிந்தது. பிறந்த தேதி வேறு. வங்கிப் புத்தகத்தில் கணவரின் இனிஷியலுக்குப் பதிலாகத் தன் தந்தையின் இனிஷியல். காகிதத்தின்படி அம்மா மூன்று பெண்களாக இருந்தார்.

மூன்றும் ஒருவரே என்று நிறுவ ஆன மாதங்களில் அப்பாவின் ஓய்வூதியம் நின்றுபோயிருந்தது. குடும்ப ஓய்வூதியம் வரத் தொடங்கவில்லை. நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம், கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று, வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்று, படைவீரர்களின் பதிவேடுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்குப் பதிவுத் தபால், அங்கிருந்து ஒரு வரியில் கேள்வி, அந்தக் கேள்விக்குப் பதிலாக மீண்டும் ஒரு சான்று என்று காலம் போயிற்று. நானும் என் தம்பியும் சம்பாதிக்கிறோம். அம்மா பட்டினி கிடக்கவில்லை. ஆனால் ரத்த அழுத்த மாத்திரைக்குப் பிள்ளைகளிடம் காசு கேட்க வேண்டியிருந்தது அவரை வருத்தியதைப் போல வேறெதுவும் வருத்தவில்லை. கணவர் எல்லையில் இருந்த ஆண்டுகளில் மணியார்டர் பணத்தில் தனியாகக் குடும்பம் நடத்தி, யாரிடமும் கைநீட்டாமல் எங்களை வளர்த்தவர் அவர்.

இதில் தவறு யாருடையது என்று தேடினால் ஒருவரும் அகப்படமாட்டார்கள். பதினெட்டு வயதில் பட்டாளத்தில் சேர்ந்து, இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதில் விடுப்பில் வந்து கல்யாணம் முடித்து, திரும்பிப் போய் யூனிட் கிளார்க்கிடம் மனைவியின் பெயரைச் சொல்கிறார் ஒரு சிப்பாய். தமிழ் தெரியாத கிளார்க் தன் காதில் விழுந்தபடி எழுதி, குடும்ப விவரத்தைப் பதிவேட்டில் ஏற்றும் பார்ட் டூ ஆர்டர் போடுகிறார். பிறந்த தேதிக்குச் சான்று இல்லாத பெண்ணுக்கு ஆண்டை மட்டும் கேட்டு ஜனவரி 1 என்று நிரப்புகிறார். அந்த வரிதான் முப்பது நாற்பது ஆண்டுகள் கழித்து அந்தப் பெண்ணின் வாழ்க்கைக்கே ஆதாரமாகிறது. ஓய்வுபெற்று வந்த பிறகு பிறந்த பிள்ளைகளின் பெயர்கள் பல வீடுகளில் பதியப்படவே இல்லை. முதல் மனைவி இறந்து இரண்டாம் திருமணம் செய்துகொண்டவர்கள் சிலர், அதை ரெக்கார்ட் ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றே அறியாமல் இருக்கிறார்கள்.

மனைவியின் பெயர் ஓய்வூதிய ஆணையில் சரியாக இருந்தால், இறப்புச் சான்றைக் கொடுத்துத் தகவல் தெரிவித்த பின் குடும்ப ஓய்வூதியம் தொடங்குவதில் பெரிய தடை இராது. பெயர் இல்லையென்றால், அல்லது தவறாக இருந்தால், கோப்பு ரெக்கார்ட் ஆபீசுக்குப் போய், அங்கே பார்ட் டூ ஆர்டர் போடப்பட்டு, பிறகு பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்புக் கணக்குத் துறையின் ஓய்வூதியப் பிரிவில் திருத்த ஆணை பிறக்க வேண்டும். ரெக்கார்ட் ஆபீசும் படைப்பிரிவுக்கு ஓர் ஊரில் இருக்கிறது: மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர் வீட்டுக்கு வெலிங்டன், பொறியாளர் பிரிவாகிய எம்.இ.ஜி. தம்பிகளுக்கும் வழங்கல் பிரிவாகிய ஏ.எஸ்.சி.காரர்களுக்கும் பெங்களூரு, இயந்திரப் பழுதுபார்ப்புப் பிரிவாகிய இ.எம்.இ. என்றால் செகந்திராபாத், பீரங்கிப்படை என்றால் நாசிக், சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், மருத்துவப் பிரிவு என்றால் லக்னோ. ஒரே தெருவில் ஐந்து பட்டாளத்து வீடுகள் இருந்தால் ஐந்து திசைக்குத் தபால் போக வேண்டும். படைவீரர் உயிரோடு இருக்கும்போது தன் ஆர்மி நம்பரைப் போட்டு, தன் கையெழுத்தில் ஒரு விண்ணப்பமும் மனைவியின் ஆதார் நகலும் அனுப்பி, தானே விளக்கமும் சொல்லிவிடலாம். அவர் போன பிறகு அதே திருத்தத்துக்கு, தான் அவருடைய மனைவிதான் என்பதையே அந்தப் பெண் முதலில் நிறுவ வேண்டியிருக்கிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துத்தான் ‘உயிரோடு இருக்கும்போதே’ என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

பாதுகாப்புத் துறை ஓய்வூதியத்துக்கான இணைய அமைப்பாகிய ஸ்பர்ஷ் வந்த பிறகு இது இன்னும் அவசரமாகிவிட்டது. முன்பு ஓய்வூதியம் வங்கிக் கிளை வழியாக வந்தது; நவம்பரில் நேரில் போய் நின்றால் மேலாளருக்கு முகம் தெரியும், இல்லாவிட்டால் பக்கத்தில் நிற்கிறவர் சாட்சி சொல்வார். இன்று 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பாதுகாப்புத் துறை ஓய்வூதியர்களின் கணக்கு அந்த ஒரே இணைய அமைப்பில் இருக்கிறது. அது வந்ததை நான் குறைகூறவில்லை. தன் ஓய்வூதியம் எப்படிக் கணக்கிடப்பட்டது என்பதை வீட்டிலிருந்தே பார்க்க முடிவதும், முகத்தைக் காட்டி வாழ்நாள் சான்றைப் பதிவுசெய்ய முடிவதும் படுக்கையில் கிடக்கும் முதியவருக்குப் பெரிய உதவி. ஆனால் பழைய பதிவேடுகளிலிருந்து விவரங்கள் அந்த அமைப்புக்கு மாறியபோது பழைய பிழைகளும் கூடவே போயிருக்கின்றன; சில இடங்களில் புதுப்பிழைகளும் சேர்ந்திருக்கின்றன. மனைவியின் பெயருக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்பதைத் தன் கணக்கில் உள்ளே போய் ஒருமுறையாவது பார்த்தவர்கள் நம் சங்கத்தில் எத்தனை பேர் என்று பொதுக்குழுவில் கைதூக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இதனோடு சேர்ந்த ஒரு சிறிய விஷயம் பல வீடுகளில் பெரிய இடையூறாகிறது. ஸ்பர்ஷ் கணக்கோடு இணைந்த கைப்பேசி எண் பெரும்பாலும் கணவருடையது. அவர் இறந்த பிறகு அந்த எண்ணுக்கு ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். சில மாதங்களில் எண் போய்விடுகிறது. எதைச் செய்யப் போனாலும் ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் போகும். வேறு சில வீடுகளில் அது வெளியூரில் இருக்கும் மகனின் எண். அவன் வேலைநேரத்தில் எடுக்கமாட்டான், அல்லது குடும்பச் சண்டையில் சொல்லமாட்டான். கடவுச்சொல் எந்த நோட்டில் எழுதியிருக்கிறது என்று மனைவிக்குத் தெரியாது. இதைச் சரிசெய்ய எந்த அரசாணையும் வேண்டாம். இறப்பு நடந்த வீட்டுக்கு மலர்வளையத்தோடு போகும் உறுப்பினர், ‘அண்ணனின் எண்ணை ஆறு மாதம் உயிரோடு வைத்திருங்கள்’ என்று பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்தால் போதும்.

மருத்துவ உதவியிலும் இதே கதைதான். முன்னாள் படைவீரர்களின் மருத்துவச் செலவுக்காக 2003 ஏப்ரலில் தொடங்கப்பட்ட இ.சி.எச்.எஸ். திட்டத்தில் கணவரின் பெயரால் இருந்த அட்டையை அவர் மறைவுக்குப் பின் மனைவியின் பெயருக்கு மாற்ற வேண்டும் என்பது பலருக்கும் மருத்துவமனை வாசலில்தான் தெரிகிறது. திடீரென்று நெஞ்சுவலி வந்து, அங்கீகாரம் பெறாத மருத்துவமனையில் சேர்த்துவிட்டால், 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்ற விதியைக் கணவர் அறிந்திருப்பார். மனைவியிடம் அவர் சொல்லியிருக்கமாட்டார். நம் கூட்டங்களில் இந்த விவரங்கள் எல்லாம் பேசப்படுகின்றன என்பது உண்மை. பேசப்படுவது ஆண்களிடம். அவர்கள் வீட்டுக்குப் போய் அதைச் சொல்வதில்லை என்பதும் உண்மை.

எல்லாவற்றிலும் எனக்கு மிகுந்த கவலை தருவது மாற்றுத்திறனுள்ள பிள்ளைகள் இருக்கும் வீடுகள். தானாகச் சம்பாதிக்க இயலாத மகனுக்கோ மகளுக்கோ, பெற்றோர் இருவரும் மறைந்த பிறகு வாழ்நாள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் உண்டு. அந்தப் பிள்ளையின் பெயரையும் மருத்துவச் சான்றையும் பெற்றோர் இருக்கும்போதே பதிந்துவைத்தால் பின்னால் வருகிறவர்களுக்கு வேலை எளிது. பதியாமல் இருவரும் போய்விட்டால் அந்தப் பிள்ளைக்காக அலுவலகம் அலுவலகமாக யார் அலைவார்கள்? எங்கள் பக்கத்து ஊரில் நாயக் ரேங்க்கில் ஓய்வுபெற்ற ஒருவரின் மகள், முப்பது வயதைக் கடந்தவள், பேச்சு வராதவள். பெற்றோர் இருவருக்கும் எழுபதுக்கு மேல். மகளைப் பற்றி ஓய்வூதிய ஆணையில் ஒரு சொல்லும் இல்லை. கேட்டால், ‘அவளை அண்ணன் பார்த்துக்கொள்வான்’ என்கிறார் அந்தத் தாய். அண்ணன் நல்லவன்; பார்த்துக்கொள்வான் என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அவளுக்கு உரிய பணம் அவள் பெயரில் வரும்போது, அந்த வீட்டில் அவளுடைய இடம் அண்ணனின் நல்ல மனத்தை மட்டும் நம்பியிருக்காது. விதவையான மகளுக்கும், மணவிலக்குப் பெற்ற மகளுக்கும், மணமாகாத மகளுக்கும் சில நிபந்தனைகளோடு இந்த உரிமை இருக்கிறது என்பதை நான் சொன்னபோது, சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் சிலரே வியப்படைந்தார்கள்.

அடுத்து, ஓய்வூதியமே இல்லாதவர்கள். சிப்பாய்க்குப் பதினைந்து ஆண்டுச் சேவை இருந்தால்தான் ஓய்வூதியம். அதற்கு முன்பே வீட்டுச் சூழ்நிலையாலோ வேறு காரணத்தாலோ வெளியே வந்தவர்கள் நம் மாவட்டத்தில் இருக்கிறார்கள். 1962 சீனப் போருக்குப் பிறகு படை விரிவடைந்தபோது சேர்ந்து, சில ஆண்டுகளில் திரும்பியவர்கள் இன்று எண்பதை நெருங்கியிருப்பார்கள், அல்லது கடந்திருப்பார்கள். அவர்களில் பலர் நம் சங்கத்தின் பக்கமே வருவதில்லை; பென்ஷன்காரர்களின் சங்கம் என்று நினைத்து ஒதுங்கிக்கொள்கிறார்கள். 1919இல் தொடங்கிய மத்திய படைவீரர் வாரியம், ஹவில்தாரும் அதற்குக் கீழும் இருந்து ஓய்வூதியம் இல்லாமல் 65 வயதைக் கடந்தவர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் மாதந்தோறும் தரும் வறுமை உதவித்தொகையாகிய பெனுரி கிராண்ட் 4,000 ரூபாயாக இருந்தது. 2025 நவம்பர் 1 முதல் வரும் விண்ணப்பங்களுக்கு அது 8,000 ரூபாய் ஆகியிருக்கிறது. பிள்ளைகளின் படிப்புக்குத் தலைக்கு மாதம் 1,000 ரூபாய் என்றிருந்தது 2,000 ஆகியிருக்கிறது. மகளின் திருமணத்துக்கான 50,000 ரூபாய் ஒரு லட்சமாகியிருக்கிறது. கூரை ஒழுகும் வீட்டில் மாதம் 8,000 ரூபாய் என்பது அரிசியும் மருந்தும் கடனில்லாமல் வருவது. இதற்கு விண்ணப்பிக்கத் தேவைப்படுவது டிஸ்சார்ஜ் புக்கும், வருமானம் இல்லை என்பதற்கான சான்றும், வங்கிக் கணக்கும், இணையத்தில் படிவத்தை நிரப்பக்கூடிய ஒரு கையும்தான். அந்த முதியவர்களிடம் இல்லாதது கடைசியாகச் சொன்னது மட்டுமே.

இந்த இடைவெளியில்தான் இடைத்தரகர்கள் வந்துவிட்டார்கள். குடும்ப ஓய்வூதியக் கோப்பை நகர்த்தித் தருகிறேன் என்று முன்பணம் வாங்குகிறவர்களும், அரியர்ஸ் வந்தால் அதில் பங்கு வேண்டும் என்று விதவையிடம் வெற்றுக் காசோலையில் கையெழுத்து வாங்கிவைத்துக்கொள்கிறவர்களும் நம் ஊர்களில் நடமாடுகிறார்கள். அவர்களில் சிலர் தாங்களும் பட்டாளத்துக்காரர்கள் என்று சொல்லிக்கொள்வதுதான் வேதனை. மாவட்டத்தின் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் இவ்வேலைகளுக்குக் காசு வாங்குவதில்லை. ஆட்சியர் நடத்தும் சிறப்புக் குறைதீர் கூட்டத்தில் இரண்டு பிரதிகளோடு மனுக் கொடுக்கவும் காசு வேண்டாம். ஆனால் காட்பாடிக்கு அப்பாலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்து, எந்த அறை, எந்த மேசை என்று தெரியாமல் நிற்கும் பெண்ணுக்கு, வாசலிலேயே வந்து அன்பாகப் பேசுகிற தரகர்தான் உதவி செய்கிறவராகத் தெரிகிறார். அவர் நிற்கும் இடத்தில் நம் சங்கத்தின் உறுப்பினர் ஒருவர் நின்றிருக்க வேண்டும்.

இளம் வயதில் ஓய்வுபெற்று வருகிறவர்களைப் பற்றி நான் நீட்டி எழுதவில்லை. 1986இல் தொடங்கிய டெக்ஸ்கோ என்ற தமிழ்நாடு முன்னாள் படைவீரர் கழகத்தின் வழியாகப் பாதுகாவலர் பணி கிடைக்கிறது. தமிழ்நாடு அரசின் ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ திட்டம் தொழில் தொடங்க விரும்புகிறவர்களுக்கு மானியத்தோடு கடனுக்கு வழி செய்கிறது. அவர்களுக்குக் கால் இருக்கிறது, கைப்பேசி இருக்கிறது, கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். நான்கு ஆண்டுகளுக்கு மட்டும் படையில் சேர்க்கப்படும் அக்னிவீரர்களைப் பற்றி மட்டும் ஒரு சொல். 2022 இறுதியிலும் 2023 தொடக்கத்திலும் பயிற்சிக்குப் போன முதல் அணியினரின் நான்கு ஆண்டுகள் 2026 இறுதியிலும் 2027 தொடக்கத்திலும் முடிகின்றன. திட்டத்தின்படி நால்வரில் அதிகபட்சம் ஒருவர் படையில் தொடர்வார். மற்றவர்கள் ஓய்வூதியம் இல்லாமல், இ.சி.எச்.எஸ். இல்லாமல், ‘முன்னாள் படைவீரர்’ என்ற தகுதியும் இல்லாமல் ஊர் திரும்புவார்கள். அந்தத் திட்டம் சரியா தவறா என்று நம் சங்கம் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் திரும்பி வரும்போது உறுப்பினர் படிவத்தில் ‘ஓய்வூதிய ஆணை எண்’ என்ற கட்டத்தை நிரப்ப முடியாது என்பதற்காக அவர்களைத் திருப்பி அனுப்புவோமா என்பதை மட்டும் இப்போதே முடிவு செய்யுங்கள்.

இனி, நான் கேட்பதை எப்படிச் செய்வது என்பது. நம் சங்கத்தில் எழுத்துவேலை தெரிந்தவர்களுக்குக் குறைவில்லை. ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற சுபேதார்கள் இருக்கிறார்கள். பார்ட் டூ ஆர்டர் போட்டே கை பழகியவர்கள் அவர்கள். உறுப்பினர் பட்டியலை ஊர்வாரியாகப் பிரித்து, வயதில் மூத்தவர்களின் வீடுகளிலிருந்து தொடங்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவர் இருவராகப் போங்கள். அந்தக் கறுப்புப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் புக், ஓய்வூதிய ஆணை, இருவரின் ஆதார், வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் பிறப்புச் சான்று ஆகியவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால் அரை மணி நேரத்தில் எங்கே பிழை என்று தெரிந்துவிடும். ஆதாரில் திருத்துவதா, ரெக்கார்ட் ஆபீசில் திருத்துவதா என்பதை அனுபவம் உள்ளவர் அங்கேயே சொல்லிவிடலாம். விண்ணப்பத்தை அங்கேயே எழுதிக் கையொப்பம் வாங்கலாம். ஒரே ஒரு நிபந்தனை மட்டும் வையுங்கள்: அந்த அரை மணி நேரமும் மனைவி கூட உட்கார்ந்திருக்க வேண்டும். காபி போடப் போய்விடக் கூடாது. கணவர் பேசி அவர் கேட்டுக்கொண்டிருப்பதாகவும் இருக்கக் கூடாது; எந்தக் காகிதம் எதற்கு என்பதை அவரே திருப்பிச் சொல்லும்வரை நீங்கள் எழுந்திருக்கக் கூடாது.

‘சாவைப் பற்றி உயிரோடு இருக்கிறவரிடம் எப்படிப் பேசுவது’ என்று செயற்குழுவில் ஒருவர் கேட்டதாக அறிந்தேன். அவருடைய தயக்கம் எனக்குப் புரிகிறது. நம் வீடுகளில் அது அபசகுனம். ஆனால் நீங்கள் எல்லோரும் பட்டாளத்தில் இருந்தவர்கள். ஒவ்வொருவரும் சேவையில் இருந்தபோதே, தமக்கு ஏதேனும் நேர்ந்தால் பணம் யாருக்குப் போக வேண்டும் என்று எழுதிக் கையொப்பம் இட்டிருக்கிறீர்கள். இருபது வயதில் தயங்காமல் எழுதியதை எழுபது வயதில் சரிபார்ப்பதற்குத் தயங்க வேண்டாம் என்று உரிமையோடு கேட்கிறேன்.

செலவைப் பற்றியும் பேச வேண்டும். சங்கக் கட்டடத்தின் மேல் மாடி கட்ட நிதி திரட்டுவது பற்றிய தீர்மானம் இந்தப் பொதுக்குழுவில் வரப்போகிறது. மாடி வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஒரு மடிக்கணினி, ஒரு ஸ்கேனர், கைரேகைக் கருவி ஒன்று, ஊர்களுக்குப் போகிறவர்களுக்கு பெட்ரோல் காசு, பதிவுத் தபால் செலவு ஆகியவற்றுக்கு அந்த நிதியில் ஒரு சிறு பகுதி போதும். மாடி ஓராண்டு தள்ளிப்போனால் யாருக்கும் இழப்பில்லை. எண்பது வயதுக்காரர் ஒருவருடைய கையொப்பம் ஓராண்டு தள்ளிப்போவதை அப்படிச் சொல்ல முடியாது.

இறுதியாக உறுப்பினர் விதி. இப்போதைய துணைவிதியின்படி உறுப்பினர் இறந்தால் அவருடைய மனைவி ‘இணை உறுப்பினர்’ ஆகிறார். சந்தா கட்டலாம், கூட்டத்துக்கு வரலாம், வாக்களிக்க முடியாது, செயற்குழுவில் இடமில்லை. பொங்கலுக்கும் சுதந்திர நாளுக்கும் சேலை கொடுத்துக் கௌரவிக்கிறோம். அதை அவர்கள் மகிழ்ச்சியோடுதான் வாங்கிக்கொள்கிறார்கள். ஆனால் சங்கத்தின் வேலைகளில் பெரும்பகுதி யாருக்காக நடக்க வேண்டுமோ, அவர்களில் ஒருவர்கூட முடிவெடுக்கும் மேசையில் இல்லை. 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி சிறப்புத் தீர்மானம் போட்டால் துணைவிதியை மாற்றலாம். விதவைகளுக்கு முழு உறுப்பினர் தகுதியும், செயற்குழுவில் குறைந்தது இரண்டு இடங்களும் தரும் தீர்மானத்தை இந்தப் பொதுக்குழுவிலேயே கொண்டுவரக் கேட்டுக்கொள்கிறேன். குடும்ப ஓய்வூதியத்துக்கு அலைந்த ஒரு பெண் அந்தக் குழுவில் இருந்தால், இந்த மடலில் நான் எழுதியவற்றை உங்களுக்கு வெளியிலிருந்து யாரும் எழுத வேண்டியிருக்காது.

என் பங்குக்கு நான் செய்யக்கூடியதையும் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் வருகிறேன். ஸ்பர்ஷ் கணக்கைத் திறப்பது, வாழ்நாள் சான்று பதிவது, கைப்பேசி எண்ணை மாற்ற விண்ணப்பிப்பது, பெனுரி கிராண்ட் படிவத்தை நிரப்புவது ஆகியவை எனக்கு இப்போது பழகிவிட்டன. என்னைப் போலத் தாய்க்காக அலைந்து இவற்றைக் கற்றுக்கொண்ட மகள்கள் சிலரும் வரச் சம்மதித்திருக்கிறார்கள். ஆண்கள் மட்டும் போனால் திறக்காத சில வீடுகள் நாங்கள் போனால் திறக்கும். நாயக் மாமாவின் வீட்டுக்கு முதலில் போகலாம் என்பது என் விருப்பம். அந்தப் பெண்ணின் மருத்துவச் சான்றுக்கு முகாம் எப்போது என்று விசாரித்து வைத்திருக்கிறேன்.

பொதுக்குழுவின் நிகழ்ச்சி நிரலில் ஆவணச் சரிபார்ப்புப் பணியையும் துணைவிதித் திருத்தத்தையும் தனித்தனிப் பொருள்களாகச் சேர்க்கும்படி செயலாளர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். இணை உறுப்பினராகிய என் தாய் எழுத்து மூலமான கோரிக்கையைத் தம் கையொப்பத்தோடு சங்க அலுவலகத்தில் கொடுக்கிறார். நிகழ்ச்சி நிரல் அச்சாகும் முன்பு உங்கள் பதிலை எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
மறைந்த ஹவில்தார் ஒருவரின் மகள்,
வேலூர் மாவட்டம்.